வீடியோ நடுவில் வளையம் சுற்றுகிறதா? கோளாறு எங்கே என்று படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

வீட்டில் 40 எம்பிபிஎஸ் பிளான். ராத்திரி படம் போட்டால் நின்று நின்று ஓடுகிறது. கஸ்டமர் கேரில் 100-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறுகிறோம், மாதக் கட்டணம் ஏறுகிறது, வளையம் மட்டும் அப்படியே சுற்றுகிறது. அக்கம்பக்கத்தில் பலர் வீட்டில் இதைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்ததில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பெரும்பாலான வீடுகளில் வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை. வைஃபை தரும் ரூட்டர் பெட்டியிலிருந்து டிவி வரைக்குமான பத்துப் பதினைந்து அடியில்தான் வேகம் தொலைந்துபோகிறது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தைக் கழித்துவிடும். நடுவில் தாவினால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டியிருக்கும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லேன் கேபிள் வேண்டும். கேட் 5இ அல்லது கேட் 6 என்று மேலுறையில் அச்சடித்திருக்கும். லேன் போர்ட் உள்ள லேப்டாப் வேண்டும். போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யுஎஸ்பி-லேன் அடாப்டர், அதுவும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும்) என்று போட்டது. பில்லை எடுத்து உங்கள் பிளானின் வேகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை இப்போதே ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸுக்குள் போகும் முகவரியும் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கும். சுவரில் அடித்த பெட்டியின் அடிப்பக்கத்தை ராத்திரி டார்ச் அடித்துப் படிப்பது கழுத்துவலிக்கு வழி.

சோதனையைப் பிரச்சினை வருகிற நேரத்திலேயே செய்யுங்கள். காலை பத்து மணிக்கு எடுத்த எண், ராத்திரி ஒன்பது மணிக் கோளாறைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொன்று: ரூட்டரை இப்போது ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் தற்காலிகமாகச் சரியாகி, காரணம் மறைந்துவிடும். மூன்று நாள் கழித்து அதே இடத்தில் நிற்பீர்கள். முதலில் அளந்துவிடுங்கள், ரீஸ்டார்ட் பிறகு.

2. எண்களுக்கு என்ன பொருள்

பிளானில் சொல்லும் எம்பிபிஎஸ் மெகாபிட் கணக்கு. ஃபைல் டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டரில் பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். “நூறு வாங்கினேன், பன்னிரண்டுதான் வருது, ஏமாத்துறாங்க” என்ற புகாரில் பாதி இந்தக் குழப்பம்தான்.

ஒரு படத்துக்கு எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது: 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 15. யூடியூப் 4கே-வுக்கு 20 கேட்கிறது. ஆக, 40 எம்பிபிஎஸ் லைன் ஒழுங்காக வந்தால் ஒரே வீட்டில் இரண்டு டிவியில் 4கே ஓடும். ஒரே ஒரு 1080பி படமே தடுமாறுகிறது என்றால் குறை பிளானில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் ஏன் நிற்கிறது? வீடியோ ஒரே நீட்டாக வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக வருகிறது. ஆப் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து ஓட்டுகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும்வரை, கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் குழாயில் தண்ணீர் நிற்காது இல்லையா, அதே கதை. தொட்டி காலியாகும் அளவுக்கு இடைவெளி விழுந்தால்தான் வளையம் சுற்றும். அதனால் சராசரி வேகத்தைவிட முக்கியம், வேகம் அறுபடாமல் வருவது. 30 எம்பிபிஎஸ் நிதானமாக வருகிற லைன், நொடிக்கு நொடி 150-க்கும் பூஜ்யத்துக்கும் தாவுகிற லைனைவிட மேல்.

டேட்டா தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்குமோ என்ற சந்தேகத்தையும் இங்கேயே கழித்துவிடலாம். பல பெரிய நிறுவனங்களின் “அன்லிமிடெட்” பிளான்களில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்த்தாலும் மணிக்கு அதிகபட்சம் 7 ஜிபி அளவுக்குத்தான் போகும்; 3300-ஐத் தொட 470 மணி நேரம் ஓட வேண்டும். சின்ன நிறுவனங்கள், ஏர்ஃபைபர் (வயரில்லாமல் வரும் வீட்டு நெட்), சிம் போட்ட ரூட்டர் என்றால் வரம்பு குறைவாக இருக்கும். ஆப்பில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

3. கோளாறு ஒரே இடத்திலா, எல்லா இடத்திலுமா?

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு கேள்வி. டிவியில் நிற்கிற அதே நேரத்தில், அதே வைஃபையில், ஃபோனில் அதே படம் ஓடுகிறதா? டிவியிலேயே வேறு ஆப் ஒழுங்காக ஓடுகிறதா?

ஃபோனில் ஓடி டிவியில் ஓடவில்லை என்றால் டிவி அல்லது டிவி இருக்கும் இடம். ஒரே ஒரு ஆப் மட்டும் எல்லாக் கருவியிலும் தடுமாறினால் அந்த ஆப்பின் சர்வர், அல்லது உங்கள் நிறுவனத்திலிருந்து அந்த சர்வருக்குப் போகும் பாதை. ஃபோனை வைஃபையிலிருந்து விலக்கி மொபைல் டேட்டாவில் அதே ஆப்பைப் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால் உங்கள் வீட்டில் தேடிப் பயனில்லை.

4. யூடியூப்பிலேயே ஒளிந்திருக்கும் கருவி

பலருக்குத் தெரியாத ஒன்று. கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோ ஓடும்போது அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் கடைசியில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று இருக்கும். டிவி ஆப்பிலும் வீடியோவின் செட்டிங்ஸ் பட்டியலில் கிடைக்கும். போட்டதும் திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் வரும். நிறைய வரிகள் இருக்கும். நமக்கு இரண்டு போதும்.

ஒன்று, ‘பஃபர் ஹெல்த்’. முன்கூட்டி வாங்கி வைத்திருக்கும் வீடியோ எத்தனை நொடி என்று காட்டும். இன்னொன்று, ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’. வந்து சேர்ந்தும் திரையில் காட்ட முடியாமல் விட்டுப்போன படச்சட்டங்களின் எண்ணிக்கை.

பஃபர் ஹெல்த் 20, 10, 4 என்று இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டதும் வளையம் வந்தால், நெட் போதவில்லை. ஐந்தாம் படிக்குப் போங்கள். பஃபர் 30 நொடிக்கு நிறைவாக இருக்கிறது, ஆனாலும் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, டிராப்டு எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நெட்டில் குறையில்லை. கருவிக்குத் தெம்பில்லை. நேரே ஏழாம் படிக்குப் போங்கள். இரண்டையும் “ஸ்லோ” என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் பாதி வீட்டில் தப்பான சாமான் வாங்கப்படுகிறது.

5. வயரில் அளந்து, பிறகு வைஃபையில் அளப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டரின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகுங்கள். விபிஎன் இருந்தால் அணையுங்கள். ஸ்பீட்டெஸ்ட், ஃபாஸ்ட் டாட் காம் இரண்டிலும் ஓட்டி எழுதி வையுங்கள். இரண்டும் ஏன்? ஸ்பீட்டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சர்வரை, சில நேரம் உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வரையே எடுத்துக்கொள்ளும். எண் அழகாக வரும். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அவர்களுடைய வீடியோ சர்வரிலிருந்தே இழுத்துப் பார்க்கும். முதலாவதில் 100, இரண்டாவதில் 12 என்று வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, வெளியே பாதையில் நெரிசல் என்று அர்த்தம்.

அடுத்து, ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதை மறந்தால் எந்த நெட்டை அளந்தோம் என்றே தெரியாது) ரூட்டர் பக்கத்தில் நின்று வைஃபையில் ஒரு முறை, டிவி இருக்கும் இடத்தில் டிவிக்குப் பின்னாலேயே ஃபோனை வைத்து ஒரு முறை. சோஃபாவில் உட்கார்ந்து அளக்காதீர்கள். படம் வாங்குவது டிவி, நீங்கள் அல்ல.

எண்களை இப்படிப் படியுங்கள். வயரிலேயே பிளானில் பாதிகூட வரவில்லை: எட்டாம் படி. வயரில் சரி, ரூட்டர் பக்கத்தில் சரி, டிவி பக்கத்தில் 6 அல்லது 7: வைஃபைதான், ஆறாம் படி. எல்லா இடத்திலும் சரி, ஆனாலும் நிற்கிறது: ஏழாம் படியும் ஆறாம் படியின் கடைசிப் பகுதியும்.

ஒரு சிறு பொறி. 200 எம்பிபிஎஸ் பிளானில் வயரில் அளந்தால் 94, 95 என்று எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண் வருகிறதா? லைனைத் திட்டாதீர்கள். எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் குறுக்கே நிற்கிறது: விலை குறைந்த பெட்டி, பழைய அடாப்டர், அல்லது உள்ளே ஒரு ஜோடிக் கம்பி அறுந்த கேபிள். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டும் 100-தான். ஆனால் 4கே-வுக்கே 20 போதும் என்பதால் டிவிக்கு அது குறையே இல்லை.

6. வைஃபையைச் சரிசெய்வது

புது லைன் போடவருகிற தம்பி வயரை மிச்சம்பிடிக்க வாசல் ஜன்னலுக்கு மேலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போய்விடுவார். டிவி ஹாலின் அந்தப் பக்கம். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர், அதை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. இரும்பு, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி மூன்றும் வைஃபைக்கு எதிரி. செருப்பு ஸ்டாண்டுக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் ரூட்டரை மறைத்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சிக்னல் வெளியே வராது.

இடம் மாற்ற முடிந்தால் அதுதான் முதல் மருந்து: ஆளுயரத்துக்கு மேல், திறந்த வெளியில், வீட்டின் நடுப்பக்கமாக.

பிறகு அலைவரிசை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் அப்பார்ட்மெண்ட்டில் பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதில்தான் கத்திக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் அடிவாங்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ஒரே அறை அல்லது ஒரு சுவர் தூரம் என்றால் டிவிக்கு 5 கொடுங்கள்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் டிவி தானாக 2.4-ஐப் பிடித்துக்கொண்டு, பிறகு அதைவிட்டு நகராமல் இருக்கலாம். ரூட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டிவியில் பழைய பெயரை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு 5-இல் சேருங்கள். டிவியின் பட்டியலில் 5 பெயரே வரவில்லையா? டிவி 2.4 மட்டும் பிடிக்கிற ரகமாக இருக்கலாம். இல்லையென்றால் ரூட்டரில் 5-இன் சானலை ‘ஆட்டோ’விலிருந்து 36 அல்லது 149-க்கு மாற்றிப் பாருங்கள், நடுவில் உள்ள சில சானல்களைப் பல டிவிகள் எடுப்பதில்லை. 2.4-இலேயே இருந்தாக வேண்டும் என்றால் 1, 6, 11 மூன்றில் ஒன்று. அவை மட்டும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

ரிப்பீட்டர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில், கடைசியில். மலிவான ரிப்பீட்டர் வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்துப்போன மூலையில் செருகினால் இல்லாத சிக்னலைத்தான் அது பெருக்கும். அதே காசுக்கு இருபது மீட்டர் லேன் கேபிள் வாங்கிச் சுவரோரமாக டிவி வரை இழுத்துவிட்டால் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. வாடகை வீடு, துளை போடக் கூடாது என்றால் கதவு நிலையின் மேல் ஓரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம்.

இனி, வேகம் சரியாக இருந்தும் நிற்கிற வீடுகள். ஃபாஸ்ட் டாட் காமில் ‘ஷோ மோர் இன்ஃபோ’ அழுத்தினால் லேட்டன்சி (அனுப்பியது போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) என்று இரண்டு எண் வரும்: லைன் சும்மா இருக்கும்போது, வேலை ஓடும்போது. முதலாவது 15, இரண்டாவது 400 என்றால், லைன் நிறைந்தவுடன் எல்லாம் வரிசையில் நின்று காத்துக்கிடக்கிறது. வழக்கமான காரணம் அப்லோடு. ஃபோனிலிருந்து கல்யாண வீடியோ கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வாசல் கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அப்லோடு அடைத்துக்கொண்டால், வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் அனுப்பக்கூட வழியில்லாமல் டவுன்லோடும் இழுபடும். பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள், கேமராவின் தரத்தைக் குறையுங்கள். ரூட்டரில் ‘க்யூஓஎஸ்’ (எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக்கொடுக்கும் வசதி) இருந்தால் அப்லோடு வேகத்தை லைனின் 85-90 சதவீதத்துக்குள் கட்டிவையுங்கள்.

7. டிவியும் ஸ்டிக்கும்

ரிமோட்டில் அணைப்பது அணைப்பே அல்ல, தூக்கம். சுவர் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். ஸ்டோரேஜ் நிறைந்திருந்தால் பார்க்காத ஆப்களை எடுத்துவிட்டு, தடுமாறுகிற ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) மட்டும் அழியுங்கள். ‘கிளியர் டேட்டா’வை அழுத்தினால் மறுபடி லாகின் செய்ய வேண்டும், பாஸ்வேர்டு மகனிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (டிவியில் செருகிப் படம் பார்க்கும் சின்னக் கருவி) என்றால் டிவியின் யுஎஸ்பியில் மின்சாரம் கொடுக்காதீர்கள், அதற்கென்று வந்த அடாப்டரில் கொடுங்கள். மின்சாரம் போதாமல் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும். பெட்டியில் கூடவே வரும் சின்ன ஹெச்டிஎம்ஐ நீட்சி வயரைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டிவியின் முதுகோடு ஒட்டாமல் ஸ்டிக்கைத் தள்ளி வைத்தால் சூடும் குறையும், சிக்னலும் ஏறும். ஐந்தாறு வருடப் பழைய ஸ்மார்ட் டிவியில் டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறுகிறது என்றால் ஒரு ஸ்டிக் வாங்குவது புது டிவியைவிடப் பல மடங்கு மலிவு.

8. வெளி லைனைச் சோதிப்பது

வயரிலேயே வேகம் வராதவர்களுக்கும், மற்ற படிகளில் காரணம் கிடைக்காதவர்களுக்கும் இது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் கட்டளையைப் போடுங்கள்; சின்னச் சின்ன டேட்டாத் துண்டுகளை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. முதலில் ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1. பிறகு 8.8.8.8-க்கு, அது கூகுளின் சர்வர். முகவரிக்குப் பின் ஒரு சிறு கோடும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். ஐந்து நிமிடம் விட்டு, கண்ட்ரோலையும் ‘சி’யையும் சேர்த்து அழுத்தினால் எத்தனை சதவீதம் தொலைந்தது என்று சொல்லும். ரூட்டருக்கே தொலைகிறது என்றால் கேபிள் அல்லது பெட்டி. ரூட்டருக்குச் சுத்தம், 8.8.8.8-க்கு 2, 3 சதவீதம் தொலைகிறது என்றால் லைனில் குறை. வேகம் நன்றாகக் காட்டினாலும் இந்தத் தொலைப்பு வீடியோவை நிறுத்தும்.

ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளியே வரவில்லை. அந்தச் சிவப்பு எரியாமல் இருந்தும் தடுமாறினால் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ (வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்கள். -20 பக்கம் இருந்தால் கவலையில்லை. -27-ஐ நெருங்கினால் விளிம்பில் தொங்குகிறது. ஃபைபர் வயர் ஜன்னல் கதவில் நசுங்கியோ கூர்மையாக மடங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். விரலால் துடைக்கவும் கூடாது.

டிஎன்எஸ்-ஐ மாற்றினால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது பெயரை முகவரியாக்கும் வேலை மட்டுமே செய்கிறது. படம் ஓடத் தொடங்கியபின் அதற்கு வேலை அதிகமில்லை. சில நேரம் பக்கத்து சர்வரை விட்டுவிட்டுத் தூரத்து சர்வருக்கு அனுப்பிக் காரியத்தைக் கெடுக்கவும் செய்யும்.

9. புகார் கொடுக்கும்போது

“நெட் ஸ்லோவா இருக்கு” என்று சொன்னால் “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மேடம், லேன் கேபிள்ல லேப்டாப்பைப் போட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு டெஸ்ட் எடுத்தேன். 100 பிளான்ல 22 வருது. 8.8.8.8-க்கு மூணு பெர்சென்ட் பாக்கெட் லாஸ். ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 27. ஸ்கிரீன்ஷாட் இருக்கு.” பெரும்பாலும் அடுத்த கேள்வியே ஆள் எப்போது வரலாம் என்பதாகத்தான் இருக்கும்.

டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள். தீராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. அங்கே போக அந்த நம்பர் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒப்பந்தத்தில் “100 எம்பிபிஎஸ் வரை” என்று இருக்கும், அந்த “வரை”யைக் கவனியுங்கள். மத்திய அரசு 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்று சொல்ல வைத்த குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ்தான்.

10. கிரிக்கெட் மட்டும் நிற்கிறது என்றால்

லைவ் ஒளிபரப்பில் முன்கூட்டி வாங்கி வைக்க வீடியோவே இல்லை, இப்போதுதான் நடக்கிறது. சில நொடிக் கையிருப்பில் ஓடுவதால், படத்துக்குத் தாங்குகிற லைன் மேட்சுக்குத் தடுக்கும். கூட்டமும் சேர்ந்துகொள்ளும்: 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் வரை பார்த்தார்கள். தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் 720பி-யில் நிறுத்துங்கள். பின்னால் நகர்த்த ஆப் அனுமதித்தால் ஒரு நிமிடம் பின்தங்கிப் பாருங்கள், கையிருப்பு சேரும். பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்கு முன்கூட்டியே கத்துவார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

11. பிளானை ஏற்றுவது எப்போது

வயரில் பிளான் வேகம் முழுசாக வருகிறது, வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும் தடுமாறுகிறது, அப்போது ஏற்றலாம். கணக்கு எளிது: 4கே டிவி ஒவ்வொன்றுக்கும் 20, 1080பி பார்க்கும் ஒவ்வொருவருக்கும் 5, வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு 4, கூட்டி வருவதில் பாதியை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டிவி, இரண்டு ஃபோன், ஒரு மீட்டிங் என்றால் 54. பாதி சேர்த்தால் 81. நூறு தாராளம்.

நூறுக்கு மேல் போவதென்றால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இப்போது இருக்கும் பெட்டியில் ஜிகாபிட் போர்ட் இருக்கிறதா, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா? இல்லையென்றால் பிளானோடு பெட்டியையும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.